ஹூட் ஓடும்போது புகை எங்கே போகிறது: ஒரு பேஸ்மென்ட் ஃபர்னஸ் அறையின் நிகழ்வு ஆய்வு

நான் மிச்சிகனில் வீட்டுச் சூடேற்றும் கருவிகள் பொருத்தும் வேலை செய்கிறேன். இங்கே எழுதுவது 2019 குளிர்காலத்தில் நான் கையாண்ட ஒரு வீட்டைப் பற்றி. குடும்பத்தின் அனுமதியுடன், அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். எரிவாயு ஃபர்னஸ் (வீடு முழுவதையும் சூடேற்றும் கருவி) உள்ள வீட்டில் பேஸ்மென்ட் என்ற நிலத்தடித் தளத்தைச் சீரமைக்க நினைப்பவர்களும், சமையலறைக்குப் பெரிய ஹூட் (அடுப்புக்கு மேலிருந்து புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறி) வாங்க நினைப்பவர்களும் முழுதாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் செய்த தவறுகளும் இதில் உண்டு.

பின்னணி

டெட்ராய்ட்டின் மேற்குப் புறநகரில் 1986இல் கட்டிய இரண்டு மாடி வீடு. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு பையன். பேஸ்மென்ட்டில் வீடு கட்டியபோதே வைத்த எரிவாயு ஃபர்னஸ், மணிக்கு 80,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு). பக்கத்தில் 40,000 பிடியூ வாட்டர் ஹீட்டர். இரண்டின் புகையும் ஒரே உலோகக் குழாயில் சேர்ந்து கூரைக்கு மேலே போகும். இரண்டுமே பழைய வகை. புகையைத் தள்ள விசிறி கிடையாது. சூடான புகை இலேசாக இருப்பதால் தானாக மேலேறும். எரிவதற்கான காற்றை, நின்றிருக்கும் அறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

முப்பது வருடம் இந்த ஏற்பாட்டில் தொந்தரவு இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஒரு கன அடி எரிவாயு முழுமையாக எரிய ஏறக்குறைய 10 கன அடி காற்று வேண்டும். இரண்டு கருவியும் சேர்ந்து எரிந்தால் மணிக்கு 1,200 கன அடி; புகையோடு கலந்து மேலே போகும் காற்று அதற்கும் மேல். இதற்காக அமெரிக்க எரிவாயு நெறிமுறை வைத்திருக்கும் எளிய கணக்கு: 1,000 பிடியூவுக்கு 50 கன அடி இடம். இந்த வீட்டுக்கு 6,000 கன அடி. பேஸ்மென்ட் 36 அடி நீளம், 26 அடி அகலம், 8 அடி உயரம், அதாவது 7,488 கன அடி. தடுப்பே இல்லாத வெறும் பேஸ்மென்ட், சந்துபொந்து நிறைந்த வீடு. காற்றுக்குப் பஞ்சமே இல்லை.

பிறகு இரண்டு வருடத்துக்குள் மூன்று வேலைகள் நடந்தன. 2017இல் எல்லா ஜன்னல்களையும் மாற்றி, பரணில் காற்று ஒழுகும் இடங்களை அடைத்தார்கள். 2018 வசந்தத்தில் சமையலறையைப் புதுப்பித்து, நிமிடத்துக்கு 900 கன அடி இழுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்த ஹூட் வைத்தார்கள். நம் சமையலுக்கு இது தேவைதான்; மீன் வறுத்த வாசம் குளிர்கால கோட்டில் ஏறி ஆபீஸ் வரைக்கும் வருவது இங்கே எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதாக, திண்டுக்கல்லிலிருந்து மனைவியின் பெற்றோர் ஆறு மாதம் தங்க வருவதால், பேஸ்மென்ட்டில் படுக்கையறையும் குளியலறையும் கட்டினார்கள். ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் 8க்கு 6 அடி அறைக்குள் போயின. 384 கன அடி. சுவர் வைத்த ஒப்பந்தக்காரர், காற்றுக்கென்று வெளியிலிருந்து 6 அங்குலக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து அறைக்குள் விட்டுப் போயிருந்தார்.

மூன்றுமே நல்ல நோக்கத்தோடு செய்தவை. மூன்றையும் மூன்று வெவ்வேறு ஆட்கள் செய்தார்கள். மொத்தமாகச் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை.

அக்டோபர் முதல் ஜனவரி வரை

பெற்றோர் அக்டோபரில் வந்தார்கள். நவம்பர் நடுவிலிருந்து அந்த அம்மாவுக்குக் காலையில் தலைவலி, லேசான குமட்டல். முதலில் பயணக் களைப்பு என்றார்கள், அப்புறம் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். டிசம்பரில் ஒருநாள் மதியம் டாக்டரிடம் காட்டினார்கள். குறிப்பாக எதுவும் தெரியவில்லை. எரிவாயு சரியாக எரியாதபோது வரும் மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு யாருடைய நினைவுக்கும் வரவில்லை. வந்து சோதித்திருந்தாலும் தெளிவாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். நல்ல காற்றைச் சுவாசித்தால், இரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் முக்கியமானது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான நோவையில் உள்ள வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய், அங்கேயே பகல் பொழுதைக் கழித்த நாட்களில் தலைவலி மதியத்துக்குள் விட்டுவிடும். வீட்டிலேயே இருந்த நாட்களில் நாள் முழுக்க இருக்கும். அந்த அம்மாவின் கணவருக்கு (மாமா என்றே சொல்கிறேன்) பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் பகலில் பெரும்பாலும் வெளியே நடக்கப் போய்விடுவார்.

ஜனவரி 30, 31இல் துருவக்காற்று இறங்கி, டெட்ராய்ட் பக்கம் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரை போனது. அதே 30ஆம் தேதி மேக்கம்ப் கவுண்டியில் ஒரு எரிவாயு அழுத்த நிலையத்தில் தீப்பிடிக்க, வீட்டு வெப்பத்தை 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறைக்கச் சொல்லி இரவு எல்லோருடைய செல்போனிலும் அவசரச் செய்தி வந்தது. இவர்களும் குறைத்தார்கள். ஃபர்னஸ் அறைக் கதவுக்கு அடியிலிருந்து பேஸ்மென்ட் முழுக்கச் சில்லென்ற காற்று பரவுவதைக் கவனித்த மாமா, உள்ளே போய்ப் பார்த்து, அந்த 6 அங்குலக் குழாயின் வாயில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டார். வெளியிலிருந்து குளிர் வரும் ஓட்டை என்றால் அடைக்கத்தானே தோன்றும். அது எதற்கு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, குழாயிலும் எழுதியிருக்கவில்லை.

31ஆம் தேதி மாலை

அந்த வீட்டுக்காரரின் மனைவி என்னைப் போனில் கூப்பிட்டார். "அண்ணா, பேஸ்மென்ட் ஜன்னல்ல தண்ணி ஓடுது. அம்மாவுக்குத் தலை சுத்துது. ஹியூமிடிஃபையர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்ததா என்றேன். இல்லை. அம்மாவை உடனே மேலே கூட்டிப் போங்கள், வாசல் கதவைத் திறந்து வையுங்கள், வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். போய்ச் சேர 40 நிமிடம் ஆனது.

உள்ளே நுழைந்தபோது சமையல் நடந்துகொண்டிருந்தது. ஹூட் முழு வேகத்தில் ஓடியது, துணி காயவைக்கும் டிரையரும் ஓடியது. என் கையிலிருந்த கார்பன் மோனாக்சைடு மீட்டர் சமையலறையில் 9 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு) காட்டியது. பேஸ்மென்ட் படுக்கையறையில் 22. ஃபர்னஸ் அறைக் கதவைத் திறந்ததும் 41. 35ஐத் தாண்டினால் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலை என்பது நான் பின்பற்றும் வரம்பு. எல்லோரையும் பக்கத்துத் தெரு நண்பர் வீட்டுக்கு அனுப்பினேன். அந்த அம்மாவை அங்கிருந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லி, கார்பன் மோனாக்சைடு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

வீட்டில் இருந்த ஒரே அலாரம் மாடி நடையில் இருந்தது. பேஸ்மென்ட்டில் இருந்திருந்தாலும் அன்றைய அளவுக்கு அடித்திருக்காது. அமெரிக்கத் தரப்படி வரும் சாதாரண அலாரம் 70 பிபிஎம்மில் கூட ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் கழித்துத்தான் அடிக்கும். 30 பிபிஎம்முக்கு மாதக்கணக்கில் பேசாமல் இருக்கலாம். திடீர்ச் சாவைத் தடுக்க வைத்த வரம்பு அது. மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும் நச்சுக்கு அது காவல் இல்லை.

பார்த்தவை

ஜன்னல்களைத் திறந்து, மின்பெட்டியில் ஹூட், டிரையர் இரண்டின் பிரேக்கரையும் இறக்கி, மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த பிறகு அறையைப் பார்த்தேன்.

வாட்டர் ஹீட்டரின் தலையில், தண்ணீர்க் குழாயைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையங்கள் உருகி வழிந்திருந்தன. ஹீட்டருக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே திறந்த விளிம்போடு இருக்கும், புகை மேலே போக வேண்டிய குடை போன்ற மூடியைச் சுற்றித் துரு, கருகல். சூடான புகை பலமுறை அங்கே வெளியே கொட்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரே இரவில் வந்த கருகல் அல்ல அது. ஜன்னலில் ஓடிய தண்ணீரும் அதே புகைதான்: எரிவாயு எரிந்தால் நீராவி வரும், அது குளிர்ந்த கண்ணாடியில் படியும்.

அப்புறம் அந்தத் துண்டு. எடுத்ததும் குளிர்காற்று விழுந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். ஆனால் துண்டு வைத்தது முந்தைய நாள் இரவு, தலைவலி நவம்பரிலிருந்து. வெளியே போய்க் குழாயின் முகப்பைப் பார்த்தேன். கொசுவலை போன்ற நெருக்கமான வலை. டிரையரின் வெளிவாய் ஓரடி தள்ளி இருந்ததால் அந்த வலை முழுக்கப் பஞ்சு. கால் அங்குலத்தைவிடச் சிறிய கண் உள்ள வலை போடக் கூடாது என்று விதி இருப்பது இதற்காகத்தான். துண்டு வருவதற்கு முன்பே அந்தக் குழாய் முக்கால்வாசி அடைபட்டிருந்தது.

அன்றிரவு எடுத்த முடிவு

இரண்டையும் நிறுத்தினால் வீடு உறைந்து தண்ணீர்க் குழாய்கள் வெடிக்கும். ஆகவே வாட்டர் ஹீட்டரை அணைத்தேன். ஃபர்னஸ் அறையின் கதவைக் கழற்றி வைத்தேன். இழுக்கும் கருவி எதுவும் ஓடாத நிலையில் ஃபர்னஸை மட்டும் எரியவிட்டு, பூஜை அலமாரியிலிருந்த ஊதுபத்தியை ஏற்றிக் குடை ஓரத்தில் பிடித்தேன். முதல் இரண்டு நிமிடம் புகை வெளியே தள்ளியது, பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றது. ஃபர்னஸை ஓடவிடலாம் என்று முடிவு செய்தேன். குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ளக் கணவர் மட்டும் என் மீட்டரோடு தங்கினார். இரவு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் இந்த முடிவைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேசுவேன்.

முதல் திருத்தம்: சரியான அளவில் காற்றுக்குழாய்

பிப்ரவரி முதல் வாரம் பெர்மிட் எடுத்தோம். கணக்கு எளிது. வெளிக்காற்றுக்கு ஒரே ஒரு திறப்பு வைப்பதென்றால் 3,000 பிடியூவுக்கு ஒரு சதுர அங்குலம். 120,000க்கு 40 சதுர அங்குலம். 6 அங்குலக் குழாயின் பரப்பு 28 சதுர அங்குலம்தான். சுத்தமாக இருந்தாலும் போதாது. 7 அங்குலக் குழாய் 38.5, மயிரிழையில் தவறுகிறது. ஆகவே 8 அங்குலம், 50 சதுர அங்குலம்.

டிரையர் வாயிலிருந்து நன்றாகத் தள்ளி, பனி குவியும் உயரத்துக்கு மேல், கால் அங்குல வலையோடு முகப்பை வைத்தேன். குழாய் முழுக்கக் காப்புறை சுற்றினேன், இல்லையென்றால் குளிர்ந்த உலோகத்தில் வீட்டின் ஈரம் படிந்து சொட்டும். உள்ளே வந்த குழாயைத் தரை வரை இறக்கி, வளைத்து, மறுபடி ஏற்றி, கூரைக்கு ஓரடிக்குள் வாய் வைத்தேன். கனமான குளிர்காற்று அந்த வளைவில் தேங்கும்; கருவிகள் எரிந்து இழுக்கும்போது மட்டும் மேலேறி வரும். குளிர் கொட்டாவிட்டால் யாரும் துண்டு தேட மாட்டார்கள். குழாயின் மேல் தமிழிலும் எழுதி ஒட்டினேன்: "அடைக்கக் கூடாது. ஃபர்னஸ் மூச்சுவிடும் குழாய்."

அட்டவணைப்படி எல்லாம் சரி. அதிகாரியும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அது ஏன் போதவில்லை

அதற்கப்புறம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். வீட்டை முழுக்கச் சாத்தி, ஃபர்னஸ் அறைக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளந்தபடி, காற்றை வெளியே தள்ளும் கருவிகளை ஒவ்வொன்றாக ஓட்டுவது. ஒரே புகைக்குழாயைப் பகிரும் இப்படிப்பட்ட பழைய கருவிகளுக்கு 3 பாஸ்கலுக்கு மேல் வீடு இழுக்கக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் எல்லை. ஐந்து பாஸ்கல் என்றால் அரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவுதான். சூட்டினால் மட்டும் மேலேறும் புகைக்கு அந்த அளவு பலம்தான் இருக்கிறது.

புதுக்குழாயை மூடி வைத்து: டிரையரும் இரண்டு குளியலறை விசிறிகளும் 3 பாஸ்கல். ஹூட் குறைந்த வேகத்தில் சேர்ந்ததும் 8. முழு வேகத்தில் 17. குழாயைத் திறந்துவிட்டு மறுபடி: முழு வேகத்தில் 14.

பதினேழு பதினாலு ஆனது. அவ்வளவுதான் அந்த 8 அங்குலக் குழாயின் பலன். வாட்டர் ஹீட்டரை ஏற்றி ஊதுபத்தியைப் பிடித்தேன். ஐந்து நிமிடம் கழித்தும் புகை என் முகத்தைப் பார்த்தே வந்தது. வெளியே கொட்டிய புகையையே பர்னர் மறுபடி இழுத்து எரிய, ஆக்சிஜன் குறைந்து, கார்பன் மோனாக்சைடு மீட்டரில் ஏற ஆரம்பித்தது. அணைத்துவிட்டேன்.

உட்கார்ந்து கணக்குப் போட்டபோது வெட்கமாக இருந்தது. 50 சதுர அங்குல ஓட்டை 5 பாஸ்கல் வித்தியாசத்தில் அதிகபட்சம் நிமிடத்துக்கு 120 கன அடி விடும். வளைவுகளோடு அதுவும் வராது. அந்த ஹூட், நான் அளந்தபடி, 520 கன அடி தள்ளிக்கொண்டிருந்தது. இறுக்கி அடைத்த வீட்டிலிருந்து அவ்வளவு காற்று போனால், அதை எங்கிருந்தாவது வீடு இழுத்தே தீரும். இருப்பதிலேயே பெரிய திறந்த வழி, கூரைக்குப் போகும் புகைக்குழாய். காற்று அதன் வழியாக இறங்கும், புகையைக் கையோடு கூட்டிக்கொண்டு.

அட்டவணையில் இருக்கும் எண் கருவி எரியத் தேவையான காற்றுக்கு. ஹூட் வெளியே தள்ளும் காற்றை ஈடுகட்டுவது தனிக் கணக்கு. 400 கன அடிக்கு மேல் இழுக்கும் ஹூட்டுக்கு மாற்றுக்காற்று தர வேண்டும் என்று அமெரிக்கக் குடியிருப்பு நெறிமுறை தனியாகவே சொல்கிறது. சமையலறை வேலை நடந்தபோது யாரும் அதைப் பார்க்கவில்லை. நானும் ஃபர்னஸ் அறைக்குள்ளேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் திருத்தம்

ஹூட்டின் பிரேக்கர் இறக்கியபடியே இருக்க, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம்.

விசிறி வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளலாம். ஆனால் மைனஸ் 25 டிகிரி காற்று 500 கன அடியைச் சூடாக்காமல் சமையலறைக்குள் விட முடியாது. சூடாக்க 13 கிலோவாட் வேண்டும், எட்டொன்பது அறை ஹீட்டர் ஒன்றாக ஓடுவது போல. அவர்கள் மின்பெட்டியில் அதற்கு இடமே இல்லை.

ஃபர்னஸை மட்டும் மாற்றலாமா என்று கணவர் கேட்டார். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஃபர்னஸ் போய்விட்டால், இரண்டுக்காகப் போட்ட அகலமான புகைக்குழாயில் சின்ன வாட்டர் ஹீட்டர் தனியாக நிற்கும். அதன் கொஞ்சச் சூடு அவ்வளவு பெரிய குழாயைச் சூடாக்காது; புகை பாதியில் குளிர்ந்து தயங்கும். இருப்பதைவிட மோசமாகும்.

கடைசியில் இரண்டையும் ஒரே வாரத்தில், மார்ச் நடுவில், மாற்றினோம். கருவிக்குள்ளேயே மூடிய பெட்டியில் எரியும் வகை: ஒரு பிளாஸ்டிக் குழாய் வெளிக்காற்றை நேராக பர்னருக்குக் கொண்டுவரும், இன்னொன்று விசிறியின் பலத்தில் புகையை வெளியே தள்ளும். வீட்டுக் காற்றுக்கும் நெருப்புக்கும் தொடர்பே இல்லை. ஜன்னல் மாற்றிய வீடு என்பதால் வெப்ப இழப்பை மறுபடி கணக்கிட்டு, ஃபர்னஸை 60,000 பிடியூவாகக் குறைத்தேன். பழைய புகைக்குழாயைக் கூரையில் மூடினோம். ஏப்ரலில் ஹூட்டை 390 கன அடி வகைக்கு மாற்றினார்கள். அகலம் கூடியது, பின் அடுப்பையும் நன்றாக மூடும். 8 அங்குலக் குழாய்க்கு ஹூட்டோடு சேர்ந்து திறக்கும் மோட்டார் மூடி போட்டு, அதை மாற்றுக்காற்று வழியாக்கினேன்.

பின்பு

எல்லாவற்றையும் ஓடவிட்டு அளந்தபோது வீடு 8 பாஸ்கல் இழுத்தது. பழைய கருவிகள் இருந்திருந்தால் இதுவும் ஆபத்துதான். இப்போது ஃபர்னஸ் அறையிலும் படுக்கையறையிலும் மீட்டர் பூஜ்யம். ஒவ்வொரு தளத்திலும் அலாரம் வைத்தோம். பேஸ்மென்ட்டில் 10 பிபிஎம் போன்ற குறைந்த அளவையும் காட்டும் கருவி.

ஜனவரி 31 இரவு மருத்துவமனையில் அந்த அம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்து, காலையில் அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரியில் தலைவலி நின்றது. "குளிர்தான்னு நெனச்சு ரெண்டு மாசமா கஷாயம் குடிச்சேன் தம்பி" என்றார். டிசம்பரில் மறுபடி வந்தார்கள். நான் போய்ப் பார்த்த அன்று காலை மாமா மண்வெட்டியோடு நின்று, வெளிச்சுவரில் அந்த இரண்டு பிளாஸ்டிக் குழாய்களைச் சுற்றிப் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

இப்போதானால் எப்படிச் செய்வேன்

போனில் "தலை சுற்றுகிறது, ஜன்னலில் தண்ணீர்" என்று கேட்டதுமே, எல்லோரும் வீட்டை விட்டு வெளியே போங்கள், அவசர உதவி எண் 911ஐக் கூப்பிடுங்கள் என்று சொல்வேன். மேலே கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டு 40 நிமிடம் காரில் வந்தது தவறு. தீயணைப்புப் படை அதற்குள் மீட்டரோடு வந்திருக்கும். இதை நினைத்தால் இன்றும் மனம் ஒப்பவில்லை.

அன்றிரவு ஃபர்னஸை ஓடவிட்டதும், அங்கே ஒருவரைத் தங்கவைத்ததும் வேண்டாம். இரண்டையும் அணைத்து, மின்சார ஹீட்டர் இரண்டை பேஸ்மென்ட்டில் வைத்து, குழாய்களில் தண்ணீரைச் சொட்டவிட்டு, எல்லோரையும் அனுப்பியிருக்கலாம். ஒரு மணி நேரப் பூஜ்யத்தை நம்பியது, காற்று திசை மாறாது என்று நம்பியதுதான்.

சுவரில் ஓட்டை போடுவதற்கு முன் அழுத்தத்தை அளப்பேன். அளந்திருந்தால் 8 அங்குலக் குழாய்க்கு அவர்கள் செலவழித்த பணத்தில் பாதி மிஞ்சியிருக்கும், நேராகக் கருவிகளை மாற்றியிருப்போம். அந்தக் குழாய் வேலைக்கான என் கூலியை நான் வாங்கவில்லை.

இப்போது ஃபர்னஸ் அறைக் காற்று என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது சமையலறையைப் பற்றி: ஹூட் எத்தனை கன அடி, டிரையர் எங்கே இருக்கிறது, ஜன்னல் எப்போது மாற்றினீர்கள். அப்புறம்தான் பேஸ்மென்ட்டுக்கு இறங்குகிறேன்.